எம்டன் வந்த ஆண்டும் ஜெர்மானிய முடியாட்சியும்

சூழ்ச்சித் திறம் மிக்க ஒருவனை 'எம்டன்' என்றழைப்பது நம்மவர் வழக்கு. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எழுத்தறியா முதியோர் நாவிலும் பயின்ற இச்சொல், ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதை மாணவர் பலர் அறிவர். ஆயினும், அக்கப்பலை ஏவிய அரசு எத்தகையது, அவ்வரசின் கீழ் வாழ்ந்த குடிகள் அவ்வாண்டில் யாது செய்தனர் என்பவற்றை ஆராய்ந்தோர் சிலரே. அவற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில், கார்ல் ஃபான் முல்லர் என்னும் தலைவனின் கீழ் எம்டன் சென்னைத் துறைமுகத்தை அணுகிற்று. நகரத்து விளக்குகள் அணைக்கப்படாமல் ஒளி வீசிக்கொண்டிருந்தன. அரைமணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. மூன்று லட்சம் காலனுக்கு மேற்பட்ட எண்ணெய் அழிந்தது. துறைமுகத்தில் நின்றிருந்த வாணிகக் கப்பலொன்றும் அடிபட்டது. சிலர் உயிர் துறந்தனர். அடுத்த நாட்களில் மக்கள் கூட்டங் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். ஹைக்கோர்ட்டு மதிலிலுள்ள நினைவுக் கல் இச்செய்தியை இன்றும் உரைக்கின்றது.

இக்குண்டுகளை வீசுவித்த ஜெர்மனி, குடிகளுக்கு வாக்குரிமையே இல்லாத நாடன்று. 1871-இல் அமைந்த அப்பேரரசின் சட்டப்படி, இருபத்தைந்து வயது நிரம்பிய ஆடவர் பெரும்பாலார்க்கும் மறைவாக வாக்களிக்கும் உரிமை இருந்தது. ரைக்ஸ்டாக் என்னும் மக்கள் சபையில் 397 உறுப்பினர் வீற்றிருந்தனர். 1912-ஆம் ஆண்டுத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியார் 42 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளும் 110 இடங்களும் பெற்று, அச்சபையின் மிகப் பெரிய கட்சியாராயினர். எனினும் முதன் மந்திரியை நியமிப்பவரும் நீக்குபவரும் சக்கரவர்த்தியே. சேனையும் அவர் ஆணைக்கே அடங்கியது. போர் தொடுக்கச் சிற்றரசுகளின் பிரதிநிதிகள் கூடிய மேற்சபையின் இசைவு வேண்டப்பட்டதேயன்றி, மக்கள் சபையின் இசைவு வேண்டப்படவில்லை. செலவுக்குப் பணம் அளிப்பதும் மறுப்பதுமே அச்சபையின் கையிலிருந்த பெரும் படைக்கலம்.

இவ்வமைப்பின் குறை 1914 பிறக்குமுன்னரே வெளிப்பட்டது. அல்சேஸ் நாட்டுச் சாபெர்ன் என்னும் ஊரில் சேனையினர் குடிகளைச் சட்டத்துக்குப் புறம்பாகச் சிறைப்படுத்தினர். இது குறித்து 1913 டிசம்பர் 4-ஆம் நாள், 54 வாக்குகளுக்கு எதிராக 293 என்னும் பெரும்பான்மையால் சபை முதன் மந்திரி பெத்மன் ஹோல்வெக்கைக் கண்டித்தது. அவரோ பதவி விலகினாரில்லை. 1914 ஜனவரியில் சேனை நீதிமன்றம் அப்படைத் தலைவனை விடுதலை செய்தது. ஒரு சபை நாடறியக் கண்டித்தும் ஒரு மந்திரியை அசைக்க இயலவில்லையெனின், அச்சபையின் வலிமை எத்துணையது என்பதை உய்த்துணர்க.

ஜூன் 28-இல் செராஜெவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் கொலையுண்டார். ஜூலைத் தொடக்கத்திலேயே வில்ஹெல்ம் சக்கரவர்த்தி ஆஸ்திரியாவுக்குத் துணைநிற்பதாக வாக்களித்தார். அம்மாத இறுதியில் பெர்லின் முதலிய நகரங்களில் தொழிலாளர் திரண்டு போரை எதிர்த்தனர். ஆயினும் ஆகஸ்டு 1-இல் ரஷியாமீதும், 3-இல் பிரான்ஸ்மீதும் போர் அறிவிக்கப்பட்டது. 4-ஆம் நாள் 500 கோடி மார்க் போர்ச் செலவுக்குச் சபை இசைந்தது. தனிக் கூட்டத்தில் எதிர்த்த சமூக ஜனநாயகர் பதினால்வரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்கினர். ரஷியாவின் படையெடுப்பினின்றும் நாட்டைக் காக்கும் போரென்று அரசு கூறியதை மக்கள் நம்பியதே இதற்கு முதற் காரணமாம். டிசம்பர் 2-இல் மீண்டும் பணம் கேட்கப்பட்டபோது கார்ல் லீப்னெக்ட் என்னும் ஒருவரே எதிர்த்து வாக்களித்தார்.

நம் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பிரிட்டன் போர் அறிவித்தவுடனே, இந்தியர் எவரையும் கேளாமலே இந்தியாவும் போர் புரியும் நாடாயிற்று. நம் திருச்சபைகளும் இதன் துன்பத்தினின்று தப்பவில்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழைக் கற்றுப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு ஜெர்மானியரே. அவர் வழியில் இந்நாட்டில் உழைத்துவந்த லைப்ஸிக் மிஷன் ஊழியரும் பகைவர் எனக் கருதப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். பின்னர் நாட்டை விட்டும் அனுப்பப்பட்டனர். எண்ணெய்த் தொட்டியைக் கொளுத்தியதும் ஜெர்மானியர் கையே. தமிழ் நூலை அச்சேற்றியதும் ஜெர்மானியர் கையே. ஆதலின் ஓர் அரசின் செயலைக்கொண்டு ஓரினத்தாரை அளத்தல் நேரிதன்று.

1914 நவம்பர் 9-ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னியால் எம்டன் அழிவுற்றது. சரியாக நான்காண்டு கழித்து, 1918 நவம்பர் 9-ஆம் நாள், சக்கரவர்த்தி முடிதுறந்ததாக பெர்லினில் அறிவிக்கப்பட்டது. ஒரு நாட்டின் உரிமையை ஆராயப் புகும் மாணவர், அங்கே குடிகளுக்கு வாக்கு உண்டா என்பதோடு நில்லாது, மந்திரி யாருக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதையும், போருக்கு யாருடைய இசைவு வேண்டும் என்பதையும் கேட்டறிவாராக. அவ்வினாக்களுக்கு பெர்லினில் தக்க விடையில்லாமற் போனதன் பயனையே ஓரிரவில் நம் கடற்கரை கண்டது.