கூலியின்றி எழுத அழைப்பவரின் கடன்

வேளாங்கண்ணி

அன்புள்ள தம்பிக்கு,

வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் எழுதும் மின்னிதழ் ஒன்றைத் தொடங்கவும், அதற்கு ஊதியம் பெறாமல் எழுதக்கூடியவர்களைத் திரட்டவும் தம்பி எண்ணியிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அழைப்பு விளம்பரத்தில் எந்தச் சொற்கள் இடம்பெற வேண்டும் என்பதைவிட, அழைப்பு வெளியாவதற்கு முன் அழைப்பவர் எவற்றுக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே ஆராயத்தக்கது என்பதால், இம்மடல் பெரிதும் அதைப் பற்றியே அமைகிறது.

தன்னார்வ எழுத்து என்றால் செலவில்லாத எழுத்து என்று கொள்வதே இதழ் தொடங்குவோர் பலரிடம் காணப்படும் முதற்பிழை. எழுதுபவர் தம் மாலைப்பொழுதுகளைத் தருகிறார். அதற்கு ஈடாகத் தம் பெயர் வெளியாவதையும், தேர்ந்த ஒருவர் தம் எழுத்தைப் படித்துத் திருத்துவதையும், தம்மைப் போன்ற ரசனை உடையவர்களின் பழக்கத்தையும் எதிர்பார்க்கிறார். பணம் கைமாறாததால் இந்தக் கடன் குறைவதில்லை. கணக்கில் எழுதப்படாததால் மறக்கப்படுகிறது, அவ்வளவே. எனவே எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் காட்டிலும், வருபவர்களுள் எத்தனை பேருடைய எழுத்தை வரிவரியாகப் படித்துப் பதில் அனுப்ப இயலும் என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வியாகும். தங்கும் விடுதியின் வரவேற்பறையில் பகல் முழுவதும் வேலை பார்க்கும் தம்பி போன்ற ஒருவருக்கு அந்த எண்ணிக்கை ஐந்தைத் தாண்டுவது அரிது.

ஆள் மிகுந்தால் வேலை எளிதாகும் என்ற நம்பிக்கைக்கு மாறான சான்று இந்த மாவட்டத்திலேயே உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த பின், நாடெங்கிலுமிருந்து தொண்டர்களும் பொருள்களும் வந்து சேர்ந்தபோது, கடற்கரை ஊர்களில் எவருக்கும் பயன்படாத பழந்துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அவற்றை அகற்றுவதும் தரம் பிரிப்பதுமே தனியொரு பணியாயிற்று. தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நாகப்பட்டினத்தில் நிறுவி, எந்த ஊருக்கு எது தேவை, அங்கே யார் ஏற்கெனவே பணியில் இருக்கிறார்கள் என்பதைத் தொகுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. பேரிடர் நிவாரணத்தையும் விளையாட்டு விமரிசனத்தையும் ஒரே தராசில் வைப்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் தேவை இன்னதென்று குறிக்கப்படாத நல்லெண்ணம் அதைப் பெறுபவருக்குச் சுமையாக முடியும் என்பது இரண்டுக்கும் பொதுவான உண்மை. ‘எழுத ஆர்வமுள்ளோர் அணுகலாம்’ என்ற பொது அழைப்பு அத்தகைய சுமையைத்தான் வரவழைக்கும்.

தேவையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தால் ஆள் தானே வரும் என்பதைத் தமிழ் விக்கிப்பீடியா காட்டியிருக்கிறது. 2003இல் தொடங்கிய இக்கலைக்களஞ்சியத்தின் தொடக்க நாள்களில், யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய இ. மயூரநாதன் பெருமளவு தனித்தே அடித்தளமிட்டார். 2017இல் அதன் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டபோது, எழுதியவர்கள் பல நாடுகளில் பரவியிருந்தனர். இந்த வளர்ச்சிக்கு உதவிய உத்திகளுள் ஒன்று சிவப்பு இணைப்பு எனப்படுவது. அதாவது, ஒரு கட்டுரையில் குறிப்பிடப்படும் பொருளைப் பற்றித் தனிக் கட்டுரை இன்னும் எழுதப்படவில்லையெனில், அந்தச் சொல் சிவப்பு நிறத்தில் தெரியும். படிப்பவருக்கு அது குறையாகத் தெரிகிறது. அந்தப் பொருளை அறிந்தவருக்கோ தமக்கென ஒதுக்கி வைத்த இருக்கையாகத் தெரிகிறது. முதற்பக்கத்திலேயே பங்களிப்பாளர்களைப் படத்துடன் அறிமுகப்படுத்தும் வழக்கமும் அங்கு இருந்தது. ஊதியம் தர இயலாத அமைப்பு தரக்கூடிய மதிப்புகளில் அது சிறியதன்று.

வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்ததில் மதுரைத் திட்டம் இன்னும் நெருக்கமான முன்மாதிரி. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இம்முயற்சி, பழந்தமிழ் நூல்களைக் கணினியில் உள்ளிட்டு யாவர்க்கும் இலவசமாக வழங்கியது. தமிழ் எழுத்துருவுக்கே பொதுத்தரம் உறுதிப்படாத காலம் அது. முதலில் ஒரு முறையில் தட்டெழுதப்பட்டவற்றைப் பின்னர் திஸ்கி எனும் குறியீட்டுக்கும், அதன்பின் ஒருங்குறிக்கும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு நூலைத் தட்டெழுதுபவர் ஒருவர், மெய்ப்புப் பார்ப்பவர் இன்னொருவர், அதாவது எழுத்துப் பிழைகளை மூலத்துடன் ஒப்பிட்டுக் களைபவர். கோப்பாக்கித் தருபவர் மற்றொருவர். ஒவ்வொரு மின்னூலின் தலைப்பகுதியிலும் இவர்கள் செய்த வேலைக்கேற்ப அவர்கள் பெயர்கள் குறிக்கப்பட்டன. முழுக் கட்டுரை எழுதத் துணியாத பலர், ஒரு பக்கத்தைச் சரிபார்க்கத் தயங்குவதில்லை என்பதை உணர்ந்த ஏற்பாடு அது.

ஆகவே தம்பியின் இதழும் எழுத்தாளர் என்ற ஒற்றைப் பெயரால் எல்லாரையும் அழைக்காமல், ஒரு விளையாட்டின் கடினமான கட்டத்தைக் கடக்கும் வழியை 300 சொற்களில் விளக்குபவர், திரைப்படங்களைத் தொகுத்து விளக்கக் குறிப்பு இடுபவர், கலைச்சொற்களை ஒழுங்குபடுத்துபவர், மெய்ப்புப் பார்ப்பவர் எனத் தனித்தனியே கேட்பது நல்லது. இங்குத் திரைப்படம் என்பது விளையாடும்போது கணினித் திரையிலிருந்து பிடிக்கப்படும் நிழற்படம், சினிமா அன்று. இப்படிப்பட்ட மயக்கம் எழுவதாலேயே கலைச்சொல் பார்க்க ஒருவர் வேண்டும்.

இதழாசிரியரின் பங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் தன்னார்வ முயற்சிகள் பெரும்பாலும் குலைவது அங்கேதான். சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய ‘எழுத்து’ சிற்றிதழில், அதாவது விற்பனையை நோக்காமல் இலக்கியச் சோதனைக்கென நடத்தப்பட்ட சிறிய இதழில், எழுதியவர்களுக்குச் சன்மானம் தர வழியிருக்கவில்லை. இருந்தும் கும்பகோணத்துக்காரரான ந. பிச்சமூர்த்தி போன்ற மூத்தவர்களின் கவிதைகளுக்கு அருகிலேயே, திருகோணமலையிலிருந்து எழுதிய இருபது வயதை ஒட்டிய தருமு சிவராமு, பிற்காலப் பிரமிள், இடம்பெற முடிந்தது. வடநாட்டில் அரசுப் பணியில் இருந்த வெங்கட் சாமிநாதன் விமரிசகராக உருவானதும் அவ்விதழின் வழியாகத்தான். எழுதுபவரின் ஊரும் வயதும் அங்கே கேட்கப்படவில்லை; எழுத்து படிக்கப்பட்டது. தன்னார்வலர் அனுப்பும் முதற்கட்டுரைக்கு இரண்டு வாரம் பதிலில்லையெனில் இரண்டாவது கட்டுரை வருவதில்லை. வந்ததும் ‘அருமை’ என்று மட்டும் எழுதி அப்படியே வெளியிடுவதும் ஏறக்குறைய அதே விளைவைத் தரும்; தம் எழுத்தை எவரும் ஊன்றிப் படிக்கவில்லை என்பதை எழுதியவர் எளிதில் உணர்ந்துவிடுகிறார். மறுக்க நேர்ந்தாலும், எந்தப் பத்தி தேறியது, எது தேறவில்லை என்று சொல்லி மறுப்பதே மரியாதை.

அடுத்தது உடைமை பற்றிய கேள்வி. விளையாட்டு எழுத்தின் உலக வரலாற்றில் மிகுந்த கசப்பு விளைந்தது இதில்தான். 1995இல் ஜெஃப் வீசி தொடங்கிய ‘கேம்ஃபேக்ஸ்’ தொகுப்பில், ஒரு விளையாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடிக் கடக்க உதவும் வழிகாட்டிகளை ரசிகர்கள் ஊதியமின்றி எழுதிச் சேர்த்தனர். பதிப்புரிமை எழுதியவரிடமே இருந்ததால், 2003இல் தொகுப்பு ஒரு பெருநிறுவனத்தின் கைக்குச் சென்றபோதும், எழுத்து எவருடையது என்பதில் குழப்பம் நேரவில்லை. அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் கதை வேறு. 1990களில் அந்நிறுவனத்தின் உரையாடல் அறைகளைக் கண்காணிக்கவும் வருபவர்களுக்கு உதவவும் சமூகத் தலைவர்கள் என்ற பெயரில் ஒரு கட்டத்தில் 14,000 தன்னார்வலர்கள் வரை உழைத்தனர்; ஈடாகக் கிடைத்தது கட்டணச் சலுகை மட்டுமே. பணிநேர அட்டவணை, அறிக்கை, பயிற்சி என்று ஊழியருக்குரிய கட்டுப்பாடுகள் எல்லாம் விதிக்கப்பட்டுச் சம்பளம் மட்டும் இல்லாததால், 1999இல் முன்னாள் தன்னார்வலர்கள் வழக்குத் தொடுத்தனர். அது 2010இல் ஒன்றரைக் கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. தன்னார்வலரிடம் வேண்டுகோள் வைக்கலாம், ஆனால் வருகைப் பதிவேடு வைக்கலாகாது என்பதற்கு இதைவிடச் செலவுமிக்க பாடம் அரிது.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் ரசிகர்கள் பட்ட பாடு இன்னும் நுட்பமானது. அவர்கள் 2004இல் தொடங்கி வளர்த்த ‘வாவ்விக்கி’ என்னும் தொகுப்பு 2007இல் விக்கியா நிறுவனத்தின் தளத்துக்கு மாறியது; தோற்றத்திலும் விளம்பரத்திலும் நிறுவனம் கொண்டுவந்த மாற்றங்களை ஏற்காத நிர்வாகிகள் 2010இல் வெளியேறி ‘வாவ்பீடியா’ என்ற புதுப்பெயரில் பணியைத் தொடர்ந்தனர்; அந்தப் புது இடமும் 2018இல், ஃபேன்டம் என்று பெயர் மாறியிருந்த அதே பழைய நிறுவனத்திடம் வந்து சேர்ந்ததால், 2023இல் மீண்டும் ஒருமுறை வெளியேற நேர்ந்தது. இரண்டு முறையும் எழுத்து முழுவதையும் உடன் எடுத்துச்செல்ல முடிந்ததற்குக் காரணம் படைப்பாக்கப் பொதும உரிமம். அதாவது, மூலத்தைக் குறிப்பிட்டு, அதே நிபந்தனையில் எவரும் படியெடுக்கலாம் என்று எழுதியவர்கள் முன்கூட்டியே வழங்கிய அனுமதி. அதே உரிமத்தின் மறுபக்கமாக, விட்டுவந்த பழைய படியும் அதே இடத்தில் நிலைத்து, தேடுபவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

இந்தியாவில் நிலைமை என்ன என்றால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலைக்கு அமர்த்தப்படாமல் எழுதுபவரே தம் எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தருவதெனில் எழுத்து மூலமாகவே செய்ய வேண்டும்; காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் பொருள்கொள்ளும். கனடாவிலும் சிங்கப்பூரிலும் வாசகர்களை எதிர்பார்க்கும் மின்னிதழுக்கு இந்த இரண்டாவது விதி வேடிக்கையான விளைவைத் தரக்கூடும். ஆதலால் உரிமை எழுதியவரிடமே இருக்கும், இதழ் வெளியிட மட்டும் அனுமதி பெறுகிறது, இதழ் நின்றுபோனால் கட்டுரைகளின் படி எழுதியவர்களிடம் ஒப்படைக்கப்படும் என்று அரைப்பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, ஒவ்வொருவரிடமும் முன்பே ஒப்புதல் பெறுவது தக்கது. பள்ளி மாணவர்கள் பலர் வர வாய்ப்புண்டு; 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதால், பெற்றோரின் கையொப்பமும் வேண்டும், பெற்றோருக்குத் தெரியாத தொலைபேசி உரையாடல்களும் கூடாது.

பணம் தருகிறோம் என்று முதலில் வாசலுக்கு வருபவர்கள் சூதாட்டச் செயலிகளின் விளம்பரதாரர்களாக இருக்கக்கூடும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடைசெய்வதோடு, அவற்றை விளம்பரப்படுத்துவதற்கும் 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இது பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. கதவைச் சாத்திவிட வேண்டும்.

முதல் இதழுக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதும் இல்லை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் வாழ்வைச் சமையலின் வழியாகச் சொல்லும் விளையாட்டு; சேதமடைந்த குறிப்பேட்டில் அழிந்துபோன படிகளை ஆடுபவரே ஊகித்து இட்லியையும் பிறவற்றையும் சமைத்து முடிக்க வேண்டும். 2024இல் சிறந்த அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது பெற்ற அதைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டாயிற்று. ஆனால் அந்தக் குறிப்பேட்டின் முறைகள் டெல்டா வீட்டுச் சமையலோடு எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பதை நாகையிலோ திருத்துறைப்பூண்டியிலோ இருக்கும் ஒருவர், தம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுத முடியும். ‘விளையாட்டைப் பற்றி எழுத ஆள் தேவை’ என்பதற்கும், ‘வெண்பாவில் வரும் சமையல் முறைகளைத் தம் வீட்டு முறையோடு ஒப்பிட்டு 600 சொற்கள் எழுத ஒருவர் தேவை’ என்பதற்கும் உள்ள தூரமே, வராமல் போகும் ஆளுக்கும் வரும் ஆளுக்கும் உள்ள தூரம்.

காலத்தையும் கருத வேண்டும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை பேராலயத் திருவிழா நடப்பதால், விடுதியிலும் கடையிலும் உதவும் இவ்வூர் இளைஞர் எவருக்கும் அந்நாள்களில் உறங்கவும் நேரமிராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த பின் இப்பகுதியில் மின்சாரம் மீளப் பல வாரங்கள் ஆனதைத் தம்பியும் அறிவார். மழைக்காலத்தில் ஒருவர் பதிலின்றி மறைந்தால் அதை அக்கறையின்மை என்று கொள்ளாமல், அவர் ஏற்ற வேலையை இன்னொருவர் தொடரும்படி ஒவ்வொரு கட்டுரையின் படியும் இருவரிடம் இருப்பது நன்று. அழைப்பைச் செப்டம்பர் நடுவில் அனுப்பி, மழைக்கு முன் ஐந்து பேரோடு முதல் இதழை முடித்துவிட்டால், தை, மாசியில் சம்பா அறுவடை ஓய்ந்து வயல்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கை ஒழியும் வரை இரண்டாம் இதழைத் திட்டமிட வேண்டியதில்லை.

அன்புடன்,
பெரியப்பா