சிங்க் இருந்தால் காப்பு நகல் வேண்டாமா?

கேள்வி: ஃபயர்ஃபாக்ஸில் சிங்க் வைத்திருக்கிறேன், மின்னஞ்சலுக்கு தண்டர்பேர்டு. மடிக்கணினி தொலைந்தால் எல்லாம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். கணினியில் ஒரு புக்மார்க்கைத் தவறி அழித்தால், சிங்க் அதைக் கைப்பேசியிலும் அழித்துவிடும். மொசில்லாவின் சர்வருக்குப் போகுமுன்பே தகவல்கள் பூட்டப்படுகின்றன; நிறுவனத்தாலும் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோய்ப் புதிதாக மாற்றினால், சர்வரில் இருப்பது போய்விடும். அப்படிப் போகாமலிருக்க, கணக்கு மீட்புச் சாவியை இன்றே உருவாக்கி, அச்செடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

தண்டர்பேர்டில் ஐமேப் கணக்கு என்றால் கடிதங்கள் சர்வரில் இருக்கும். பாப் முறையில் இறக்கியவையும், கணினியிலேயே தனிக் கோப்புறைகளில் சேர்த்தவையும் மடிக்கணினியோடு போய்விடலாம். இரண்டு மென்பொருள்களையும் மூடிவிட்டு, அவற்றின் புரொஃபைல் கோப்புறைகளை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த நகல் பழுதாகலாம். சேமித்த கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும், அவற்றைத் திறக்கும் சாவி இன்னொன்றிலும் இருக்கின்றன. ஒன்று விட்டுப்போனாலும் பயனில்லை. முதன்மைக் கடவுச்சொல் வைக்காவிட்டால், இரண்டும் கையில் கிடைத்த எவரும் படித்துவிடலாம். அதனால் டிஸ்க்கையும் வெராகிரிப்ட் என்ற மென்பொருள் கொண்டு பூட்டுங்கள். பிறகு அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து, கடிதங்கள் வருகின்றனவா என்று பாருங்கள்.