பண்டகசாலையின் முதலைக் காப்பது எப்படி?

அங்கத்தினர்களே! கூட்டுறவுப் பண்டகசாலைக்கு நஷ்டம் தீயாலும் திருட்டாலும் மட்டும் வருவதன்று. அவற்றிற்கு இன்ஷூரன்ஸ் செய்துகொள்ளலாம். கடன் விற்பனை, தேங்கிய சரக்கு, இருப்புக் குறைவு ஆகிய மூன்றுமே ஓசையின்றி நமது பங்குத் தொகையை அரிப்பவை.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், 1844 டிசம்பர் 21ஆம் நாள், நெசவாளர் உள்ளிட்ட தொழிலாளர் சிலர் 28 பவுன் முதலில் ஒரு கடை திறந்தனர். அவ்வூரில் முன்னர் ஒரு கூட்டுறவுக் கடை கடன் கொடுத்தே நசித்திருந்தது. ஆதலால் ரொக்கத்திற்கே விற்பது என விதி செய்தனர்.

இதன் கணக்கைப் பாருங்கள். 100 ரூபாய் விற்பனையில் செலவு போக 5 ரூபாய் மிஞ்சுவதாகக் கொள்வோம். 100 ரூபாய் முதல் வாராக் கடனாகப் போனால், அதை ஈடுசெய்ய மேலும் 2,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். முகதாட்சண்யத்திற்காக ஒருவருக்குக் கொடுத்த கடனை இருபது பேருடைய வாணிபம் சுமக்கிறது!

தேங்கும் சரக்கும் அவ்வாறே. நமது தருமபுரி மாவட்டத்துப் புளி, நாள்பட்டால் கறுத்து விலை இறங்கும். தீபாவளிச் சேலை பொங்கல் கழிந்தும் அலமாரியிலிருந்தால் மடிப்பில் சாயம் மங்கும். சென்ற ஆண்டின் விற்பனையை நோக்கி அளவாக வாங்குக; பழையதை முதலில் விற்க.

மாதந்தோறும் நிர்வாகக் குழுவினர் இருவர் இருப்பை எண்ணிப் பதிவேட்டுடன் ஒப்பிட வேண்டும். இது ஐயத்தால் செய்வதன்று. நேர்மையான விற்பனையாளருக்கு இதுவே காப்பு.

பொதுக்கூட்டத்தில் இலாப ஈவு எவ்வளவு என வினவுவோர், வாராக் கடன் எவ்வளவு என்றும் வினவுவார்களாக.