'வழித்துணைவர்': ஒரு சொல்லின் வரலாறு

ஒரு கொள்கையை விரும்பியும் அக்கொள்கையினர் கழகத்திற் சேராது, புறத்தே நின்று துணை செய்வாரைத் தமிழில் அனுதாபிகள் என வழங்குகின்றோம். ஆங்கிலத்தில் இன்னோரைக் குறிக்குஞ் சொற்களுள் 'பெல்லோ டிராவலர்' என்பதும் ஒன்று. வழித்துணைவர் என்பது அதன் நேர்ப்பொருளாம். பண்டு உடன் செல்லும் பயணியையே குறித்த இச்சொல், அரசியற் பொருள் பெற்றது இலக்கியத்தின் வாயிலாகவே. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்பாம்.

இப்புதுப் பொருள் பிறந்தவிடம் ருஷிய நாடு. ருஷிய மொழியிற் 'புத்' என்றால் வழி. அதினின்று தோன்றிய 'பபூத்சிக்' என்பது ஒரே வழியிற் செல்வோன் எனப் பொருள்படும். 1923-ஆம் ஆண்டில் வெளிவந்த 'இலக்கியமும் புரட்சியும்' என்னும் நூலில், திராட்ஸ்கி என்பார் இப்பெயரை எழுத்தாளர் சிலருக்கு இட்டனர். பில்னியாக், இவானவ், எசேனின் முதலியோர் அவருட் சிலர். இவர் 1917-ஆம் ஆண்டுப் புரட்சியை ஏற்றனர். ஆயினும், தத்தம் நோக்கின்படியே அதனைக் கண்டு எழுதினர். இவர் எவ்வளவு தூரம் உடன் வருவர் என்பதை முன்கூட்டி அறிதல் அரிது என்பது திராட்ஸ்கியின் கருத்து. ஆகவே, வரவேற்பும் ஐயமும் இச்சொல்லிற் பிறவியிலேயே கலந்திருந்தன.

1925-ஆம் ஆண்டிற் கட்சியின் தீர்மானமொன்று இவ்வெழுத்தாளரைப் பரிவுடன் நடத்துமாறு கூறிற்று. ஆனால், பாட்டாளி எழுத்தாளர் சங்கத்தார் நாளடைவில், துணைவர் என்னும் இடைநிலை வேண்டா. நண்பராதல் பகைவராதல் இரண்டிலொன்றே உண்டு என வற்புறுத்தலாயினர். 1929-இல் தமது கதையொன்று பெர்லின் நகரில் அச்சாயினமை பற்றிப் பில்னியாக் கடுந்தாக்குதலுக்கு உள்ளானார். அவ்வாண்டே திராட்ஸ்கி நாடு கடத்தப்பட்டார். 1932-இல் அச்சங்கமுங் கலைக்கப்பட்டது. அதன் தலைவராயிருந்த அவெர்பாக் 1937-இலும், பில்னியாக் 1938-இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். திராட்ஸ்கி 1940-இல் மெக்சிகோவிற் கொலையுண்டார். பெயரிட்டவரும், பெயர் பெற்றவரும், அப்பெயரைப் பழித்தவரும் ஒருங்கே மாண்டமை எண்ணுதற்குரியது.

1930-க்குப் பின் இச்சொல் ஆங்கிலத்திற் புகுந்து, கட்சியிற் சேராமலே சோவியத் நாட்டை ஆதரித்தாரைக் குறிக்கலாயிற்று. இரண்டாம் உலகப்போருக்குப்பின் அமெரிக்காவில் அது குற்றச்சாட்டாகவே மாறிற்று. ருஷியாவில் 'முற்றும் நம்மவரல்லர்' என்று ஐயுறப் பயன்பட்ட சொல், அமெரிக்காவில் 'முற்றும் பகைவரைச் சார்ந்தவர்' என்று ஐயுறப் பயன்பட்டது. இருவகையானும் இடையில் நின்றவனுக்கே இடர் விளைந்தது.

இச்சொல்லை எங்ஙனம் மொழிபெயர்ப்பது? அனுதாபி என்பது உள்ளத்தின் இரக்கத்தைக் காட்டுமன்றி வழியைக் காட்டாது. உடன்போக்கு என்னலாமெனின், அது தலைவி தலைவனொடு செல்லும் அகத்துறையாய்ப் பிறிது பொருள் தரும். வழித்துணைவர் என்பதே ஒருவாறு பொருந்தும். எனினும், தமிழில் அது நன்மையே குறித்து நிற்றலின், மூலச்சொல்லிலுள்ள ஐயம் அதன்கண் இல்லை.

எனவே, இத்தகைய சொல்லை நூல்களிற் காணுந்தோறும், அகராதிப் பொருளோடு அமையாது, யார் யாரை எக்காலத்து அவ்வாறு அழைத்தனர் என வினவுதல் மாணவர் கடமையாம். ஒரே சொல் ஒருவர் வாயில் அழைப்பாகவும், மற்றொருவர் வாயிற் தண்டனையாகவும் அமையுமன்றோ!