டைமண்ட் கல்லுக்கு எண்ணெய் வேண்டுமா?



கத்தி இல்லாத மளிகைக் கடை உண்டா? கல்வராயன் மலையிலிருந்து வரும் புளி மூட்டையின் தையலைப் பிரிப்பது முதல் வெல்லத்தைச் சீவுவது வரை கத்தியின்றி நடக்காது. ஆனால் அதைத் தீட்டும் முறையை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

சங்கராபுரத்தில் நமது கடையில் மளிகையோடு இரும்புச் சாமான்களும் வைத்தபோது, டைமண்ட் கல் ஒன்றைக் கடை உபயோகத்திற்கு எடுத்துக்கொண்டோம். கைக்கு எட்டிய நல்லெண்ணெயை விட்டுத் தீட்டினோம். சில வாரங்களில் கல் வழவழவென்று ஆகி, கத்தியில் கூர் ஏறவில்லை. அந்த மழுங்கிய கத்தியால் சாக்கை அழுத்தி அறுத்த பையனுக்குக் கத்தி வழுக்கிக் கையில் நான்கு தையல் போட நேர்ந்தது. கல் மட்டமான சரக்கு என்று திருப்பி அனுப்ப இருந்தோம். கடைக்கு வந்த தச்சர் ஒருவர் பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் காட்டினார். கல் பழையபடி பிடித்தது! தவறு கல்லில் இல்லை. நாம் விட்ட எண்ணெயில்.

கல்லின் தன்மை

பெயர்தான் கல், உண்மையில் அது உலோகத் தகடு. அதன்மேல் வைரத் துகள்களை நிக்கல் முலாம் கொண்டு பதித்திருப்பார்கள். இவை பெரும்பாலும் செயற்கை வைரங்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் 1954-ல் செயற்கை வைரம் செய்யப்பட்டு, 1955-ல் அறிவிக்கப்பட்டது.

தீட்டும்போது உதிரும் இரும்புத் தூள் துகள்களின் இடுக்கில் அடைத்துக்கொண்டால் கல் அறுக்காது. அந்தத் தூளை மிதக்க வைத்து அகற்றுவதே நாம் விடும் திரவத்தின் வேலை. ஆகவே அது இளகியதாக இருக்க வேண்டும்.

எதை விடலாம்?

1. தண்ணீர்: ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு. செலவில்லாதது, இதுவே போதும்.

2. சமையல் எண்ணெய்கள்: நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவை நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசுபிசுக்கும். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் மலையூர்களுக்கு ஆகாது.

3. மண்ணெண்ணெய்: கல்லை நன்கு சுத்தம் செய்யும். ஆனால் நாற்றம் உடையது, தீப்பிடிப்பது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டவர்கள் நாம். வெல்லம் வெட்டும் கத்திக்கு இது கூடாது. தையல் மிஷின் எண்ணெயும் அவ்வாறே.

4. லிக்விட் பாரபின்: மருந்துக்கடையில் கிடைக்கும். வாசனையற்றது, பிசின் பிடிக்காது. துருவுக்கு அஞ்சுபவர்கள் சில சொட்டு விடலாம்.

தீட்டும் முறை

கல்லை நனைத்து, கத்தியைச் சாய்வு மாறாமல் இழுக்க வேண்டும். அழுத்தக் கூடாது, அழுத்தினால் வைரத் துகள் பெயர்ந்து கல் வீணாகும். கறுப்பாகத் தூள் சேர்ந்தால் துடைத்து மீண்டும் நனைக்கவும். முடிந்ததும் கல்லையும் கத்தியையும் கழுவி, ஈரமின்றித் துடைக்க வேண்டும். சாதாரண இரும்பு அரிவாளாக இருந்தால் துடைத்தபின் மெல்லத் தேங்காயெண்ணெய் பூசி வைப்பது துருவைத் தடுக்கும். எண்ணெய் கல்லில் வேண்டாம், கருவியில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: பல காலம் எண்ணெய் குடித்த பழைய கார்போரண்டம் கல்லுக்கு இது பொருந்தாது. அதில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெயையே தொடரலாம்.

டைமண்ட் கல் விற்கும் அன்பர்கள் சரக்கைக் கொடுக்கும்போதே, "தண்ணீர் விட்டுத் தீட்டுங்கள், அழுத்தாதீர்கள், துடைத்து வையுங்கள்" என்று சொல்லியனுப்புவது நலம். சரக்கு திரும்பி வராது. அதைவிட, வாங்கியவர் கை காயப்படாது.