கிராபிக்ஸ் அட்டையின் முதுமையும் வெப்பமும்

கணினித் திரையில் தோன்றும் உருவங்களைத் தீட்டிக் கொடுப்பது கிராபிக்ஸ் அட்டையாகும். கட்டடப் படம் வரைவோரும், நிகழ்படம் தொகுப்போரும், கணினி விளையாட்டில் விருப்புடைய இளைஞரும் இதன் துணையை நாடுவர். முன்னாளில் இது பழுதுற்றால் வேறொன்று வாங்குவதே வழக்கமாயிருந்தது. 2022ஆம் ஆண்டு அவ்வழக்கத்தை மாற்றிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. கடல் கடந்து வரும் பொருள்களெல்லாம் விலையேறின. அன்று முதல், பழைய அட்டையை இன்னும் ஈராண்டு உழைக்கச் செய்தல் எளிய குடும்பத்து மாணவனுக்குப் பொழுதுபோக்கன்று. தொடங்கிய படிப்பைக் கணினியிற் தொடர்வதா, கைவிடுவதா என்னும் வினாவேயாம். ஆதலின் அட்டை ஏன் சூடேறுகின்றது, அதன் ஆயுளை எவ்வாறு நீடிக்கலாம் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

வெப்பம் செல்லும் வழி

2016ஆம் ஆண்டு வெளிவந்து பலரிடமும் பரவிய ஜிடிஎக்ஸ் 1060 என்னும் அட்டையை எடுத்துக்கொள்வோம். முழுவேகத்தில் இயங்கும்போது அது 120 வாற்று வலுவைச் செலவிடும். பழைய 60 வாற்று மின்குமிழ்கள் இரண்டின் வலு அது. அதன் பெரும்பகுதி, பெருவிரல் நகத்தளவேயான ஒரு சில்லிலே வெப்பமாய்ப் பிறக்கின்றது. அவ்வெப்பம் முதலிற் பசையினூடாகச் செப்புத் தளத்துக்குக் கடத்தப்படும். அங்கிருந்து அலுமினியத் தகடுகளை அடையும். விசிறி வீசும் காற்று அதை மேற்காவுகையாற் கொண்டுபோய்ப் பெட்டிக்கு வெளியே விடும். இவ்வழியில் எந்தவோர் இடம் அடைபட்டாலும் வெப்பம் பின்னே தேங்கும்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். அறையின் வெப்பநிலையோடு, வலுவை வெப்பத் தடையாற் பெருக்கி வரும் தொகையைக் கூட்டினால் சில்லின் வெப்பநிலை ஏறக்குறையக் கிடைக்கும். அறை 27 பாகை செல்சியசு; வலு 120 வாற்று; வாற்று ஒன்றுக்குத் தடை 0.4 பாகை எனக் கொள்வோம். சில்லு 75 பாகையில் நிற்கும். தூசியினால் அத்தடை 0.5 ஆனால் 87 பாகைக்கு உயரும். அந்நிலையை அண்மிக்கும் அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். விசிறி ஓலமிடுவதும், படம் தடுமாறுவதும் அதனாலேயாம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அமைந்த கண்டி, இவ்வகையில் கொழும்பைவிடப் பேறு பெற்றது. அறை ஒரு பாகை குளிர்ந்தாற் சில்லும் ஒரு பாகை குளிரும். ஆயினும் மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற இந்நகரில் வாகனப் புகையும் தூசியும் எளிதில் வெளியேறுவதில்லை. மழைக்காலத்து ஈரம் சேர்ந்தால் அத்தூசி தகடுகளின் இடையே கம்பளிபோற் படிந்துவிடும். பூசையறைச் சாம்பிராணிப் புகையும், அடுக்களையின் எண்ணெய் ஆவியும் அதை மேலும் இறுக்கும். இவ்விரண்டுக்கும் அருகே கணினியை வைத்தலாகாது.

முதலில் அளந்தறிக

நோயறியாது மருந்திடுதல் பேதைமை. ஜிபியு-இசட் போன்ற இலவச மென்பொருளால் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே அட்டையை இருபது நிமிடம் முழுவேகத்தில் இயக்குக. பின்வரும் குறிகள் குற்றம் எங்குளதென உணர்த்தும்.

ஒன்று: பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியவுடன் வெப்பநிலை நன்கு இறங்குமாயின், குறை அட்டையில் அன்று, பெட்டியின் காற்றோட்டத்தில் உள்ளது.

இரண்டு: பல நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறுமாயின் தூசியையோ விசிறியையோ ஐயுறுக.

மூன்று: வேலை தொடங்கிய சில நொடிகளிலேயே பாய்ந்து ஏறுமாயின் பசை உலர்ந்தது எனக் கொள்க.

தூசியும் விசிறியும்

செலவு குறைந்த பரிகாரமே முதற்கண் செய்யத்தக்கது. மின்னிணைப்பை நீக்கி, அட்டையைக் கழற்றி, மென்மையான தூரிகையாலும் காற்றாலும் தகடுகளைத் துப்புரவு செய்க. காற்றுச் செலுத்தும்போது விசிறியின் இதழ்களை விரலாற் பிடித்துக்கொள்ளல் வேண்டும். இன்றேல் அவை அளவுகடந்து சுழன்று அச்சுத்தாங்கி தேய்ந்துவிடும். சுழலும்போது உறுமும் விசிறியை மாற்றுவதே நலம். அதே அட்டைக்குரிய விசிறி கிடையாவிடின், பெட்டிக்குரிய சாதாரண விசிறியொன்றைத் தகடுகளின்மேல் பிளாத்திக்குப் பட்டியாற் கட்டுவோரும் உளர். அழகிற் குறைந்தாலும் அது பயனிற் குறைந்ததன்று.

பசை மாற்றுதல்

வளியின் வெப்பக் கடத்துதிறன் மீற்றருக்கும் பாகைக்கும் 0.026 வாற்றளவே, செப்பினுடையதோ 400 வாற்றளவு. பார்வைக்கு ஒப்பரவான இரு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் இடையில் நுண்ணிய வளிக்குழிகள் இருக்கும். அவற்றை நிரப்புவதே பசையின் வேலை. ஆண்டுகள் செல்ல, சூடேறியும் ஆறியும் வருவதாற் பசை ஓரங்களுக்கு ஒதுங்கி உலரும். திருகுகளைக் குறுக்கு முறையிற் சிறிது சிறிதாகத் தளர்த்தி, விசிறிக் கம்பிகளைக் கழற்றிப் பின் தகட்டுத் தொகுதியை மெல்ல நீக்குக. பழைய பசையை ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த துணியாற் துடைத்துப் புதிய பசையைச் சில்லு முழுவதும் மெல்லியதாய்ப் பரப்புக.

நினைவகச் சில்லுகளின் மேலுள்ள மெத்தைபோன்ற பட்டைகள் கிழிந்திருப்பின், முன்பிருந்த தடிப்பிலேயே புதியன இடவேண்டும். தடிப்பு மிகுந்தால் செப்புத் தளம் முதன்மைச் சில்லின்மேற் படியாது. முன்னையினும் கேடே விளையும். 2022 செப்டெம்பர் 15ஆம் நாள் எதீரியம் என்னும் மின்காசு தன் முறையை மாற்றியபின், இரவு பகலாய் அதற்கு உழைத்த அட்டைகள் பழம்பொருட் சந்தைக்கு வந்தன. அத்தகையவற்றை வாங்குவோர் விசிறியையும் இப்பட்டைகளையும் முன்னரே நோக்குக.

வெப்பப் பிறப்பைக் குறைத்தல்

வெப்பத்தை வெளியேற்றுதலினும் அதைப் பிறவாமற் செய்தல் சிறந்தது. இதற்குக் காசு வேண்டியதில்லை. சில்லின் இயங்கு வலு, மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது. அழுத்தத்தைப் பத்து வீதம் குறைத்தால் வலு 0.9 இன் வர்க்கமாகிய 0.81 ஆகும், பத்தொன்பது வீதம் மீதமாம். ஆப்டர்பர்னர் என்னும் மென்பொருளில் வலு எல்லையை எண்பது வீதத்துக்கு இறக்கினாலும், வேகம் அவ்வளவாய்க் குறைவதில்லை. இன்னும், நொடிக்கு 60 படங்களையே காட்டும் திரைக்கு 120 படங்களை வரைதல் வீண் உழைப்பு. அதற்கோர் எல்லை இடுக. மின்னாற்பகுப்புக் கொள்ளளவிகளின் வெப்பநிலை பத்துப் பாகை குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் விதியாம்.

செய்யத் தகாதது

இறந்த அட்டையை அடுப்பிலிட்டு வாட்டி உயிர்ப்பிக்கலாம் என்பார் உளர். சூடேறலாலும் ஆறலாலும் பற்றாசு இணைப்புகளிற் கீறல் விழுவது உண்மையே. ஈயமற்ற பற்றாசு உருக ஏறக்குறைய 217 பாகை வேண்டும். அதனிற் குறைந்த சூட்டில் விலகிய தொடுகை தற்காலிகமாய்ச் சேரலாம். ஆயின் கீறல் ஆறுவதில்லை. சில நாளிலோ வாரத்திலோ பழைய நோயே திரும்பும். சோறு சமைக்கும் இடத்தில் நச்சுப்புகை எழுப்புதல் எவ்வாற்றானும் தகாது.

குளிர்ந்திருக்கும்போதும் திரையில் வண்ணக் கட்டங்கள் சிதறுமாயின் அட்டையின் காலம் முடிந்தது என உணர்க. அப்போதும் அதனைக் குப்பையோடு எறிதல் முறையன்று. கண்டி நகரின் குப்பை குவிக்கப்பட்ட கோஹாகொட, மகாவலிக் கரையிலேயே உள்ளது. அங்கிருந்து கசியும் நஞ்சு சேர்வது நாம் குடிக்கும் ஆற்றுநீரிலன்றோ? அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் அதனை ஒப்படைத்தலே கடன்.

தொகுத்து நோக்குமிடத்து, அட்டையைக் கெடுப்பது முதுமை மாத்திரமன்று. வெப்பத்தின் வழி அடைபடுதலேயாம். அளந்தறிதல், துடைத்தல், பசை மாற்றல், வலுவைக் குறைத்தல் என்னும் நான்கையும் முறையே செய்வோர்க்குப் பழைய அட்டை இன்னும் சில ஆண்டு உழைத்துக் கொடுக்கும். நம் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் வெப்பவியற் பாடம் பயின்ற இளைஞர், அப்பாடத்தைத் தம் கைகளாற் செய்து பார்க்க இதனினும் ஏற்றதொரு பயிற்சி வேறில்லை.