ஆடியில் இறந்த நாய், ஆனியில் வந்த கடிதம்

கேள்வி: எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு ஏழு வயது. கருத்தடை செய்யவில்லை. ஹீட் முடிந்து ஒரு மாதம் கழித்து வாந்தி எடுத்தது, சோற்றைத் தொடவில்லை, தண்ணீரை மட்டும் சட்டி சட்டியாகக் குடித்தது. கிளினிக் டாக்டர் வயிற்றுக் கோளாறு என்று நான்கு நாள் ட்ரிப்ஸ் ஏற்றினார். ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ஐந்தாம் நாள் வேறு மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்து, கருப்பை முழுக்கச் சீழ் என்றார்கள். ஆபரேஷனுக்குத் தயார் செய்வதற்குள் போய்விட்டது. தோட்டத்தில் புதைத்தோம். இது போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆடியில் நடந்தது. டாக்டர் பில் தரவில்லை. பணத்தை ஜிபே-யில்தான் அனுப்பினோம். பிள்ளை மாதிரி வளர்த்தோம். போலீஸில் புகார் கொடுத்து 25 லட்சம் நஷ்டஈடு வாங்க முடியுமா?
வாசகர், திருச்சி (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் கோபித்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. “ஆடியில்” என்று எழுதியிருக்கிறீர்களே, ஆடி எத்தனையாம் தேதி? ஆடி ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 69-ஆவது பிரிவு உங்களுக்குத் தருவது இரண்டே ஆண்டு. கடிதம் என் மேஜைக்கு வந்தபோது ஆனி பிறந்துவிட்டது. நாய் இறந்தது மாதத்தின் முதல் வாரமா, கடைசி வாரமா என்பதைப் பொறுத்து உங்களிடம் இருப்பது சில வாரமாகவும் இருக்கலாம், இரண்டு மாதமாகவும் இருக்கலாம். தக்க காரணம் காட்டினால் ஆணையம் தாமதத்தை மன்னிக்கலாம். “மனசு சரியில்லை” என்பதை எத்தனை ஆணையம் தக்க காரணமாக ஏற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதாலும் கெடு நீளாது.

போலீஸை விட்டுவிடுங்கள். அஜாக்கிரதையால் மரணம் என்ற குற்றம் மனித உயிருக்கு மட்டுமே. விலங்கைக் கொல்வதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 325-க்கு, கெடுதல் செய்யும் எண்ணமோ, கெடுதல் நேரும் என்று தெரிந்திருந்ததோ நிரூபிக்கப்பட வேண்டும். வைத்தியத்தில் தவறிய டாக்டர் மீது அது நிற்காது. உங்களுக்கான இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வைத்தியத்துக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டாததால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

பில் இல்லையே என்று ஒரு பக்கம் முழுக்க அழுதிருக்கிறீர்கள். அது பெரிய விஷயமில்லை. பணம் கொடுத்துச் சேவை பெற்றீர்கள் என்று காட்டினால் போதும். அதற்கு முத்திரை வைத்த வங்கிக் கணக்கு விவரம் உதவும். தேதியும் அதில்தான் கிடைக்கும், இன்றே வாங்குங்கள்.

வழக்கைத் தீர்மானிப்பது வேறு ஒரு கேள்வி. ஹீட் முடிந்து ஒரு மாதம் ஆனதை முதல் நாளே டாக்டரிடம் சொன்னீர்களா? சொன்னதற்கு என்ன அத்தாட்சி? கருத்தடை செய்யாத நடுவயதுப் பெண் நாய், ஹீட் முடிந்து சில வாரம், அடங்காத தாகம், வாந்தி. இந்த நான்கும் சேர்ந்தால் பயோமெட்ரா எனப்படும் கருப்பைச் சீழைச் சந்தேகித்து, ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் பார்ப்பது கால்நடை மருத்துவத்தில் பாடப்புத்தக விஷயம். மருத்துவர் வழக்குகளில் 2005-இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலை வைத்தே இதையும் பார்ப்பார்கள். நோயாளி இறந்தது மட்டும் அஜாக்கிரதை ஆகாது, கணிப்பு தவறியதும் ஆகாது. அந்தத் தொழிலில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். “ஹீட் பற்றி யாரும் சொல்லவே இல்லை” என்றுதான் டாக்டர் தரப்பு பதில் மனு போடும். அதைக் கேட்டறிவதும் டாக்டரின் வேலைதானே என்று நாம் வாதாடலாம். ஆனால் சொன்னதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியோ, மருந்துச் சீட்டில் ஒரு வரியோ இருந்தால் வாதாடவே தேவையில்லை. பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

போஸ்ட்மார்ட்டம் செய்யாமல் புதைத்ததை எண்ணினால் எனக்கு ஆறவில்லை. நாமக்கல்லும் ஒரத்தநாடும் திருச்சிக்கு எட்டாத தூரமா? இரண்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உடலைக் கெடாமல் கொண்டுபோயிருந்தால் இறப்புக் காரணம் எழுத்தில் வந்திருக்கும். இப்போது உங்களுக்கு மிச்சமிருப்பது இரண்டாவது மருத்துவமனையின் ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்றுதான். அதன் அசலும் சிகிச்சைக் குறிப்பும் கையில் இல்லையென்றால் பதிவுத் தபாலில் கேளுங்கள். தர மறுத்தால் ஆணையம் மூலம் வரவழைக்கலாம். அந்த ரிப்போர்ட் ஐந்தாம் நாள் நிலையைத்தான் சொல்லும். முதல் நாளே நோய் இருந்திருக்குமா, அன்றே அறுவை செய்திருந்தால் பிழைத்திருக்குமா என்பதை வேறொரு கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். சக டாக்டருக்கு எதிராக எழுத ஆள் கிடைப்பது லேசில்லை. இன்றே தேடத் தொடங்குங்கள்.

25 லட்சத்தை மறந்துவிடுங்கள். வளர்ப்பு நாய் நமக்குப் பிள்ளை. சட்டத்தின் கண்ணில் உடைமை. வைத்தியச் செலவு, நாயின் மதிப்பு, மன உளைச்சலுக்கு நியாயமான தொகை, வழக்குச் செலவு என்று கேளுங்கள். கட்டணம் இல்லை என்பதற்காகத் தொகையை ஊதிப் பெருக்கினால் மனுவின் மதிப்புதான் குறையும்.

மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்குத் தனியே புகார் அனுப்பலாம். அது டாக்டரின் தொழில் ஒழுக்கத்தைப் பற்றியது, பணம் வாங்கித் தராது. அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவில்லை என்றால் வழக்கின் போக்கே வேறு.

டாக்டர் பெயரைப் போட்டு முகநூலில் எழுதியிருப்பதாகக் கடைசி வரியில் சொல்கிறீர்கள். இனி ஒரு வரியும் சேர்க்காதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். இருக்கும் பதிவை என்ன செய்வது என்பதை உங்கள் வழக்கறிஞர் சொல்லட்டும்.

காகிதம் எதையும் பார்க்காமல், கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான கருத்து இது. இதையே மனுவாக எழுதிவிடாதீர்கள். வங்கி விவரம், ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டுகள், போன் எல்லாவற்றோடும் நுகர்வோர் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைத் திருச்சியிலேயே இந்த வாரம் நேரில் பாருங்கள்.